செவிசாய்த்த உளவியலார் கார்ல் ரோஜர்ஸ்

உடலில் நோய் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் நோய் கண்டால் யாரை நாடுவது? மனித இனம் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. கோயிலையும் பூசாரியையும், குடும்பத்து மூத்தோரையும் உற்ற நண்பரையும் நாடுதல் எல்லாச் சமூகத்திலும் உண்டு. இவ்வினாவிற்கு அறிவியல் வழியில் விடை காண முற்பட்ட துறையே மருத்துவ உளவியலாகும். 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் நிறுவிய உளவியல் நிலையத்தை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர்.

துறை வளர வளர அதனுள் மற்றொரு வினா எழுந்தது. துன்புறுபவரின் உள்ளத்தை அறிந்தவர் யார்? சிகிச்சை செய்பவரா, துன்புறுபவரா? சிகிச்சை செய்பவரே என்பதுதான் பெரும்பாலோர் தந்த விடை. துன்புறுபவரே தம்மை அறிவார். அவர் தம்மைத்தாம் கேட்கும்படியாக நாம் அவரைக் கேட்டால் போதும் என்று விடை பகர்ந்தவர் கார்ல் ரோஜர்ஸ். எளிதாகத் தோன்றும் இவ்விடையை அவர் எளிதாக அடைந்துவிடவில்லை. தோல்வி ஒவ்வொன்றும் அவரை அதன் அருகே கொண்டுசேர்த்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் குடும்பமும்

கார்ல் ரான்சம் ரோஜர்ஸ் 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், சிகாகோ நகரை ஒட்டிய ஓக் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வால்ட்டர் ரோஜர்ஸ் கட்டுமானத் துறையில் செல்வம் ஈட்டிய பொறியாளர், தாய் ஜூலியா. உடன்பிறந்தோர் அறுவருள் இவர் நான்காமவர். அக்குடும்பத்தில் அன்பிற்குக் குறைவில்லை; கட்டுப்பாட்டிற்கும் குறைவில்லை. சீர்திருத்தக் கிறித்தவ நெறியை இறுகப் பற்றியிருந்த அவ்வீட்டில் மது, நடனம், சீட்டாட்டம், நாடகம் ஆகிய யாவும் விலக்கப்பட்டிருந்தன. முதன்முதலாக ஒரு குப்பி சோடாவைக் குடித்தபோது ஏதோ தீவினை புரிந்தவர்போல் தாம் உணர்ந்ததைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். உழைப்பே உயர்வு, பிறரிடமிருந்து விலகி நிற்றலே தூய்மை என்று அக்குடும்பம் கருதியது. தோழர் இன்றி, நூல்களில் மூழ்கிய தனிமைச் சிறுவனாக அவர் வளர்ந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, சிகாகோவிற்கு மேற்கே ஒரு பண்ணையை வாங்கிக் குடும்பம் அங்கே குடியேறியது. நகர வாழ்வின் தூண்டுதல்கள் பிள்ளைகளை அண்டாதிருக்க வேண்டும் என்பது பெற்றோரின் எண்ணம். அப்பண்ணையோ இச்சிறுவனுக்கு வேறொரு கதவைத் திறந்துவிட்டது. இரவில் பறக்கும் பேரந்துப் பூச்சிகளின் அழகில் மனம் பறிகொடுத்து, முட்டையிலிருந்து புழு, புழுவிலிருந்து கூடு, கூட்டிலிருந்து சிறகு என ஓராண்டுச் சுழற்சி முழுவதையும் வளர்த்துப் பார்த்தார். பதினான்கு வயதில் கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த ஆராய்ச்சி நூலொன்றைப் படித்தார். ஒரு தீவனத்தின் பயனை அறிய, ஒத்த இரு குழுக்களைப் பிரித்து ஒன்றிற்கு மட்டும் அதனைக் கொடுத்து ஒப்பிட வேண்டும் என்னும் ஆய்வுமுறையை அங்கேதான் கற்றுக்கொண்டார். உள்ளத்தின் மாற்றத்தையும் அளந்து பார்க்கலாம் என்று பின்னாளில் அவர் துணிந்தமைக்கு அடிப்படை இதுவே எனலாம்.

பண்ணையில் கண்ட மற்றொரு காட்சியும் அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. குளிர்காலத்திற்காக நிலவறையில் உருளைக்கிழங்குகளைக் குவித்து வைப்பது வழக்கம். மண்ணும் இல்லை, நீரும் இல்லை. எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம் மட்டுமே உண்டு. அந்த இருளிலும் கிழங்குகள் முளைவிடும். வெளிறிய, நலிந்த அம்முளைகள் சாளரத்து ஒளியை நோக்கி இரண்டு மூன்று அடி நீளும். அவை செடியாகப் போவதில்லை. ஆயினும் வளர முயல்வதை நிறுத்தவும் இல்லை. பிற்காலத்தில் மனநோய் மருத்துவமனைகளின் பின்கட்டுகளில் கைவிடப்பட்டுக் கிடந்தோரைக் கண்டபோது அவருக்கு அக்கிழங்குகளே நினைவிற்கு வந்தன. பிறர் கண்ணுக்குக் கோணலாகவும் பயனற்றதாகவும் தோன்றும் அவர்தம் நடத்தை, ஒளியை நோக்கிய உயிரின் முயற்சியே என்று அவர் கண்டார்.

சீனப் பயணம்

1919ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலச் சேர்ந்த ரோஜர்ஸ், சமயப் பணியில் ஈடுபாடு கொண்டு வரலாற்றுப் பாடத்திற்கு மாறினார். 1922ஆம் ஆண்டு பீக்கிங்கில் நடைபெற்ற உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பின் மாநாட்டிற்கு அமெரிக்க மாணவர் குழுவில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆறு திங்களுக்கு மேல் நீண்ட அப்பயணம் அவர் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. முதல் உலகப்போர் ஓய்ந்து நான்காண்டுகள் ஆகியும், நல்லுள்ளம் படைத்த பிரெஞ்சு, செருமானிய இளைஞர்கள் ஒருவரையொருவர் வெறுப்பதை அங்கே கண்டார். ஒரே நேர்மையுடைய மனிதர்கள் வெவ்வேறு நம்பிக்கைகளைக் கொண்டிருக்க முடியும் என்ற உண்மை அவருக்குப் புலனாயிற்று. பெற்றோரின் சமயக் கோட்பாட்டிலிருந்து அவர் உள்ளம் விலகத் தொடங்கியது.

தம் எண்ண மாற்றங்களை ஒளிக்காமல் வீட்டிற்கு எழுதி அனுப்பினார். கடிதம் கடல் கடந்து சென்று மறுமொழி வருவதற்குள் வாரங்கள் பல கழிந்தன. அவ்விடைவெளியே அவருக்கு அரணாயிற்று. பெற்றோரின் அதிர்ச்சி வந்து சேர்ந்தபோது அவர் தம் புதிய எண்ணங்களில் வேரூன்றிவிட்டிருந்தார்.

திரும்பியபின் சிறுகுடற் புண்ணால் மருத்துவமனையில் சேர்ந்தார். கல்லூரிக்குச் செல்ல இயலாத அந்நாள்களில் அஞ்சல்வழியாக உளவியல் பாடம் ஒன்றைப் படித்தார். நாய்களுக்குப் பகுத்தறியும் ஆற்றல் உண்டா என்று ஆசிரியரோடு கடிதத்திலேயே வாதிட்டு, தம் வளர்ப்பு நாய் ஷெப்பைச் சான்று காட்டினாராம். பின்னாளில் அமெரிக்க உளவியலின் தலைமை இடத்தைப் பெற்றவருக்கு உளவியலோடு ஏற்பட்ட முதல் தொடர்பு இதுவே.

இறையியலிலிருந்து உளவியலுக்கு

1924ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ரோஜர்ஸ், சிறுவயதிலேயே அறிமுகமான ஹெலன் எலியட் என்னும் ஓவியம் பயின்ற பெண்ணை அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மணந்தார். பழமைப் பிடிப்புள்ள பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரியில் சேர்ந்தால் இருவரின் செலவையும் தாமே ஏற்பதாகத் தந்தை கூறினார். மகன் அதனை ஏற்கவில்லை. தாராளச் சிந்தனைக்குப் பெயர்பெற்ற நியூயார்க் யூனியன் இறையியற் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு வேண்டுகோள் விடுத்தனர். பாடத்திட்டமோ விரிவுரையோ இல்லாத, தங்கள் வினாக்களையே பொருளாகக் கொண்ட ஒரு கருத்தரங்கை நடத்திக்கொள்ள அவர்கள் விரும்பினர். கல்லூரி இசைந்தது, ஓர் ஆசிரியர் உடனிருக்க வேண்டும், மாணவர் விரும்பினாலன்றி அவர் குறுக்கிடலாகாது என்பது ஏற்பாடு. அக்கருத்தரங்கில் தம் ஐயங்களைத் தாமே ஆராய்ந்தோர் பலர் சமயப் பணியையே துறந்து வெளியேறினர். ரோஜர்ஸும் அவர்களுள் ஒருவர். குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நம்பியே தீரவேண்டிய தொழிலில் தம்மால் நிலைத்திருக்க இயலாது என்று உணர்ந்து, தெருவைக் கடந்து எதிர்ப்புறம் இருந்த கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்கு மாறினார். அங்கே மருத்துவ உளவியல் பயின்று 1931ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளின் ஆளுமைப் பொருத்தப்பாட்டை அளக்கும் தேர்வுமுறை அவர்தம் ஆய்வுப் பொருளாகும்.

ராச்செஸ்டரில் பன்னிரண்டு ஆண்டுகள்

1928ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் பணியேற்றார். ஆண்டுக்கு 2,900 டாலர் ஊதியம். பல்கலைக்கழக உலகிலிருந்து ஒதுங்கிய பணி அது என்று பலர் தயங்கியிருப்பர். அவரோ அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார். நீதிமன்றங்களும் நலச் சங்கங்களும் அனுப்பிய குழந்தைகள், திருடியவர், ஓடிப்போனவர், அடிபட்டவர், கைவிடப்பட்டவர் என நாள்தோறும் வந்துகொண்டே இருந்தனர். எந்தக் கொள்கை சரியானது என்று வாதிட அங்கே நேரமில்லை. எது பயன்தருகிறது என்பது ஒன்றே அங்குச் செல்லும் வினா.

அங்கே மூன்று நிகழ்ச்சிகள் அவர்தம் பழைய நம்பிக்கைகளைத் தகர்த்தன. குற்றச் செயல்களின் வேர் பாலியல் முரண்பாட்டில் உள்ளது என்று அந்நாளைய அறிஞர் வில்லியம் ஹீலி எழுதியிருந்தார். கட்டடங்களுக்குத் தீவைக்கும் பழக்கமுடைய ஒரு சிறுவனிடம் பல நாள் பேசி, அவ்வேரை ரோஜர்ஸ் கண்டறிந்தார்; சிறுவனுக்கும் உணர்த்தினார். புதிர் விடுபட்டது என மகிழ்ந்தார். வெளியே சென்ற சிறுவன் மீண்டும் தீவைத்தான். பெரியோர் எழுதிவிட்டமையாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பது அவர் பெற்ற முதற் பாடம்.

ஒரு தாயிடம் நிகழ்த்திய உரையாடலைப் பதிவு செய்த அறிக்கை ஒன்றை நல்ல முன்மாதிரியாக அவர் முன்பு போற்றி, உடன்பணியாற்றியோருக்கும் படித்துக் காட்டியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து அதனையே மீண்டும் படித்தபோது அருவருப்புற்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரை வழக்கறிஞர் மடக்குவது போன்று, அத்தாயைத் தன் தவற்றை ஒப்புக்கொள்ளச் செய்யும் சூழ்ச்சியாகவே அவ்வுரையாடல் அவருக்குத் தோன்றியது. நயமாக வற்புறுத்துவதும் வற்புறுத்தலே என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாம் நிகழ்ச்சியே வரலாறு படைத்தது. அடங்காத மகனை அழைத்துவந்த ஒரு தாய், அறிவுடையவர். மகனைச் சிறுவயதில் அவர் ஒதுக்கியமையே சிக்கலுக்குக் காரணம் என்று ரோஜர்ஸ் தெளிவாகக் கண்டுகொண்டார். அதனை அவருக்கு உணர்த்தப் பல வாரங்கள் பொறுமையாக முயன்றார். பயன் ஒன்றும் விளையவில்லை. இருவரும் இயன்றவரை முயன்றாயிற்று, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவர் கூற, அத்தாயும் இசைந்து எழுந்தார். வாயில்வரை சென்றவர் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே துணை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றதும் மீண்டும் வந்து அமர்ந்தார். தம் மணவாழ்வின் துயரையும் தம் தோல்வியையும் குழப்பத்தையும் கொட்டித் தீர்த்தார். அதுவரை அவர் ஒழுங்குபடுத்திச் சொல்லிவந்த மகனின் வரலாற்றிற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அன்றுதான் உண்மைச் சிகிச்சை தொடங்கியது. தாய்க்கும் நலம் விளைந்தது, மகனுக்கும் நலம் விளைந்தது. எங்கே வலிக்கிறது, எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர் துன்புறுபவரே. தம் அறிவைக் காட்டிக்கொள்ளும் ஆசை சிகிச்சை செய்பவருக்கு இல்லையேல் அவரையே பின்தொடர்வது நன்று என்பது ரோஜர்ஸ் பெற்ற மூன்றாம் பாடம்.

உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ரேங்க்கை 1936ஆம் ஆண்டில் ராச்செஸ்டருக்கு வரவழைத்துக் கேட்ட உரைகளும் இவ்வெண்ணத்திற்கு உரமூட்டின. 1939ஆம் ஆண்டில், சிக்கலுக்குள்ளான குழந்தைக்குரிய சிகிச்சை பற்றிய அவர்தம் முதற் பெருநூல் வெளிவந்தது. அதன் பயனாக ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரை முழுநிலைப் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது.

இசைத்தட்டில் பதிந்த துயரம்

1940ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ் ஆற்றிய உரை பெரும் சலசலப்பை உண்டாக்கியது. அப்பல்கலைக்கழகம் மாணவர்க்கு வழிகாட்டி அறிவுரை கூறும் முறைக்குப் பெயர்பெற்றது. அங்கேயே நின்று, அறிவுரை கூறுதலும் விளக்கம் தருதலும் பழைய முறைகள் என்று அவர் கூறினார். கடும் எதிர்ப்பும் பெரும் பாராட்டும் ஒருங்கே எழுந்தன. தாம் கூறுவது புதியது என்பதையே அன்றுதான் அவர் உணர்ந்தார். தம் முறையின் பிறந்தநாளாக அந்நாளையே பின்னர்க் குறிப்பிட்டார்.

1942ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூல், ஆற்றுப்படுத்தலையும் உளச்சிகிச்சையையும் பற்றியது. அதில் ஒரு சிகிச்சையின் எட்டுச் சந்திப்புகளும் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டிருந்தன. அதுவரை உளச்சிகிச்சை மூடிய அறைக்குள் நிகழும் மறைபொருளாகவே இருந்தது. சிகிச்சை செய்தவர் தம் நினைவிலிருந்து எழுதுவதே சான்று. ரோஜர்ஸும் அவர் மாணவர்களும் உரையாடலை இசைத்தட்டுகளில் பதிந்தனர். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டு நிரம்பிவிடும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர் அதனைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். இக்கடுமையான உழைப்பால் உளச்சிகிச்சை முதன்முறையாகப் பிறர் ஆராயத்தக்க பொருளாயிற்று. தம் குரலையே மீண்டும் கேட்டபோது, எந்த இடத்தில் தாம் குறுக்கிட்டுப் பேச்சைத் திசைதிருப்பினோம் என்பதைச் சிகிச்சை செய்வோர் கண்டு நாணினர்.

தம்மிடம் வருபவரை நோயாளி என்று அழைக்க ரோஜர்ஸ் மறுத்தார். துணைநாடி வருபவர் என்னும் பொருளில் வேறு சொல்லை ஆண்டார். ஆகவே அவர் முறை துணைநாடுநர் மையச் சிகிச்சை எனப் பெயர் பெற்றது. பின்னாளில் அது மனிதர் மைய அணுகுமுறை என விரிவடைந்தது. இங்கே தமிழ் மாணவர்க்கு ஓர் எண்ணம் தோன்றுதல் இயல்பு. இத்துறையைக் குறிக்க நாம் ஆளும் ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல் சங்க இலக்கியத்து ஆற்றுப்படை மரபிலிருந்து வந்தது. பரிசில் பெற்ற பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வள்ளலின் ஊரையும் செல்லும் வழியையும் எடுத்துரைப்பது அம்மரபு. ரோஜர்ஸின் முறையிலோ வழி கூறுவோர் எவரும் இலர். எதிர்வந்தவனின் களைப்பையும் பசியையும் பாணன் முதலில் உணர்ந்துகொள்கிறானே, அந்த முற்பகுதி மட்டுமே இங்குச் சிகிச்சை. வழியை அவரவரே கண்டடைதல் வேண்டும்.

சிகாகோவில் உயர்வும் உடைவும்

1945ஆம் ஆண்டு முதல் 1957ஆம் ஆண்டு வரை சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, அங்கே ஆற்றுப்படுத்தல் நடுவத்தை நிறுவினார். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு உளத்துணை பெரிதும் வேண்டப்பட்ட காலம் அது. அமெரிக்க உளவியற் கழகத்தின் தலைவராக 1946-47ஆம் ஆண்டில் விளங்கினார். 1951ஆம் ஆண்டில் அவர்தம் சிகிச்சைமுறையை விளக்கும் பெருநூல் வெளிவந்தது. சிகிச்சை பெறுவோரிடம் 100 வாக்கியங்கள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, தாம் எத்தகையவர் என்பதற்கு ஏற்பவும், எத்தகையவராக விரும்புகின்றனர் என்பதற்கு ஏற்பவும் தனித்தனியே வரிசைப்படுத்தச் செய்தனர். சிகிச்சைக்குப் பின் இவ்விரு வரிசைகளும் நெருங்கி வருவதைக் கண்டனர். உளச்சிகிச்சையை இவ்வாறு ஆய்வுக்கு உட்படுத்தியமைக்காக, 1956ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியற் கழகம் முதன்முறையாக வழங்கிய அறிவியற் பங்களிப்பு விருதைப் பெற்ற மூவருள் இவரும் ஒருவரானார்.

இப்புகழுக்கு நடுவே, 1940களின் இறுதியில், அவர் உடைந்து போனார். ஆழ்ந்த உளக்கோளாறுற்ற ஒரு பெண்ணிற்குச் சிகிச்சை அளித்துவந்தபோது, அவருடைய துயரத்திற்கும் தமக்கும் இடையிலான எல்லையை இழந்தார். விலகவும் இயலவில்லை, தொடரவும் இயலவில்லை. தாமே பித்தராகிவிடுவோமோ என்று அஞ்சினார். அப்பெண்ணை வேறொரு மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனுடன் ஊரைவிட்டே வெளியேறினார். இரண்டு மூன்று திங்கள் கழித்தே திரும்பினார். திரும்பியபின்னும் உள்ளம் தேறவில்லை. தம் பணியைப் பிறர் மதிக்கலாம். தம்மை எவரும் நேசிக்க இயலாது என்னும் எண்ணம் அடியாழத்தில் இருப்பதை அவர் கண்டார். நிபந்தனையற்ற ஏற்பைப் பிறர்க்கு வழங்கியவர், அதற்குத் தாம் தகுதியற்றவர் என்று உள்ளூர நம்பியிருந்தார். அவரிடம் பயின்று உடன்பணியாற்றிய ஒருவர் முன்வந்து சிகிச்சை அளித்தார். அவரும் அதனை ஏற்றுக்கொண்டார். தாம் வகுத்த முறையின் துணைநாடுநர் இருக்கையில் அமர்ந்து எழுந்தபின்னரே, அன்பைக் கொடுக்கவும் பெறவும் அச்சமின்றி இயன்றது என்று பின்னாளில் அவர் வெளிப்படையாக எழுதினார். ஆசிரியராக இருந்தவர் தம் மாணவர் முன் துன்புறுபவராக அமர்வதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று.

விஸ்கான்சினில் கண்ட எல்லை

1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, ஆளுமை மாற்றத்திற்குத் தேவையானவையும் போதுமானவையுமான நிலைகளை வரையறுத்தது. அவற்றுள் சிகிச்சை செய்பவரிடம் வேண்டப்படுவன மூன்று. அகமும் புறமும் ஒத்த உண்மைத்தன்மை ஒன்று. வந்தவரை அவர் உள்ளவாறே, நிபந்தனை ஏதுமின்றி ஏற்றல் மற்றொன்று. அவர்தம் உலகை அவர் கண்கொண்டு காணும் ஒத்துணர்வு மூன்றாவது. அவர் பெயரைச் சொன்னதும் எவர்க்கும் நினைவிற்கு வருவன இம்மூன்றேயாகும்.

அவ்வாண்டே, தாம் பயின்ற விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு உளவியல், உளநோய் மருத்துவம் ஆகிய இரு துறைகளுக்கும் உரிய பேராசிரியராகத் திரும்பினார். கல்லூரி மாணவர்க்கும் நடுத்தர வகுப்பினர்க்கும் பயன்பட்ட இம்முறை, மருத்துவமனையில் நெடுநாள் அடைபட்டுக் கிடக்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்கும் பயன்படுமா என்று அறிய மெண்டோட்டா அரசு மருத்துவமனையில் ஆய்வு தொடங்கினார். அந்நோயாளிகள் துணைநாடி வந்தவர் அல்லர். பலர் பேசவே மறுத்தனர். முடிவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. சிகிச்சை பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஒத்துணர்வும் உண்மைத்தன்மையும் மிக்கவரிடம் சிகிச்சை பெற்றோர் ஓரளவு மேம்பட்டனர். அவை குன்றியவரிடம் அகப்பட்டோர் நலிவுற்றனர். ஆய்வுக் குழுவினுள் பூசல் மூண்டது. தொகுத்த தரவுகளில் ஒரு பகுதி காணாமலும் போயிற்று. நூல் 1967ஆம் ஆண்டிலேயே வெளிவர முடிந்தது. தம் வாழ்வின் மிகக் கசப்பான பகுதிகளுள் ஒன்றாக அவர் இதனைக் கருதினார். ஆயினும் முடிவுகளை மறைக்கவில்லை. பண்ணையில் கற்ற ஒப்பீட்டு முறை, தம் கொள்கைக்கு மாறாகப் பேசியபோதும் அதனை அவர் மதித்தார்.

இதே காலத்தில் 1961ஆம் ஆண்டு வெளிவந்த, மனிதர் தம் இயல்பை எய்துதல் பற்றிய அவர்தம் நூல் பொதுமக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. உளவியலார் அல்லாத ஆசிரியர், செவிலியர், பெற்றோர் முதலிய பலரும் அதனைப் படித்தனர்.

அறையிலிருந்து உலகிற்கு

1963ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் லா ஹோயாவில் குடியேறினார். 1968ஆம் ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து மனிதரை ஆராயும் நடுவம் ஒன்றை அமைத்தார். 1964ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு படத்தில், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ், ரோஜர்ஸ் ஆகிய மூவரும் ஒரே பெண்ணிடம் தனித்தனியே உரையாடினர். மணமுறிவு பெற்ற அவ்விளந்தாய், தம் வாழ்வு பற்றி மகளிடம் உண்மை கூறலாமா என்று ரோஜர்ஸிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். அவர் விடை கூறவில்லை. வினாவிற்குள் இருந்த வேதனையோடு உடனிருந்தார். அரைமணி நேரத்தில் அப்பெண் தம் விடையைத் தாமே நெருங்கிச் செல்வதைப் படம் காட்டுகிறது. இன்றளவும் உளவியல் வகுப்புகளில் அது காட்டப்பட்டு வருகிறது.

குழுவாக அமர்ந்து மனம்திறந்து பேசும் முறையை அவர் பரப்பினார். அத்தகைய குழு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம், அவரும் ரிச்சர்டு ஃபார்சனும் நடத்திய குழுவைக் காட்டுவது, 1968ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கர் விருதைப் பெற்றது. 1969ஆம் ஆண்டில் கல்வி பற்றிய நூலை வெளியிட்டு, மாணவர் தாமே கற்பர், ஆசிரியர் அதற்கேற்ற சூழலை உண்டாக்கினால் போதும் என்று வாதிட்டார். வகுப்பறையில் நாள்தோறும் பேசிக்கொண்டே இருக்கும் எம்போன்றோர்க்கு அது இனிய செய்தியன்று. தள்ளிவிடத்தக்க செய்தியும் அன்று.

1979ஆம் ஆண்டு, நெடுநாள் நோயுற்றிருந்த ஹெலன் மறைந்தார். மனைவியைப் பேணுவதற்கும் தம் வாழ்வைத் தொடர்வதற்கும் இடையே தாம் பட்ட போராட்டத்தைக்கூட ரோஜர்ஸ் மறைக்காமல் எழுதியுள்ளார். அதன்பின் எண்பது வயதைக் கடந்த நிலையில், பகைத்து நிற்கும் மக்களை ஒரே அறையில் அமரச் செய்வதையே தம் பணியாகக் கொண்டார். வட அயர்லாந்துக் கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறித்தவரும் சந்தித்த குழுவை 1970களிலேயே நடத்தியிருந்தார். 1982ஆம் ஆண்டிலும் 1986ஆம் ஆண்டிலும் தென்னாப்பிரிக்காவில் கறுப்பரையும் வெள்ளையரையும் எதிரெதிரே அமர்த்தினார். 1985ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் ரஸ்ட் நகரில் நடு அமெரிக்கச் சிக்கல் பற்றிய சந்திப்பையும், 1986ஆம் ஆண்டு சோவியத் நாட்டில் பயிலரங்குகளையும் நடத்தினார். பீக்கிங்கில் இருபது வயதில் கண்ட வெறுப்பு அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை போலும்.

1987ஆம் ஆண்டு, எண்பத்தைந்து வயது நிறைந்த சில நாள்களில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் இதயம் செயலிழந்து, பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் காலமானார். மகன் டேவிட் மருத்துவராகவும், மகள் நட்டாலி கலைவழிச் சிகிச்சையாளராகவும் விளங்கினர்.

வாழ்க்கை நோக்கும் மறுப்புகளும்

உயிர் எதுவாயினும் வளரவே விழைகிறது, மனிதனும் அவ்வாறே. அவன் கோணலாவது வளர்ச்சியின் குற்றத்தாலன்று, அன்பிற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையால். நீ இவ்வாறு இருந்தால்தான் உன்னை ஏற்போம் என்று வீடும் ஊரும் கூறும்போது, குழந்தை தன் உண்மையுணர்வை ஒதுக்கிவிட்டுப் பிறர் விரும்பும் உருவத்தை அணிந்துகொள்கிறது. நிபந்தனை நீங்கிய உறவொன்று கிடைத்தால் அவ்வுருவம் தானே கழன்றுவிடும். ரோஜர்ஸின் வாழ்க்கை நோக்கை இவ்வாறு சுருக்கிக் கூறலாம். சோடா குடித்துக் கலங்கிய சிறுவனின் அனுபவமும் நிலவறைக் கிழங்கின் காட்சியும் இதனுள் இணைந்திருத்தல் காண்க.

இந்நோக்கை மறுத்தோர் எளியவர் அல்லர். மனித நடத்தை சூழலால் கட்டுப்படுத்தப்படுவதே என்று கூறிய பி. எஃப். ஸ்கின்னர், 1956ஆம் ஆண்டில் இவரோடு பொது மேடையில் வாதிட்டார். 1957ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த உரையாடலில் மெய்யியலார் மார்ட்டின் பூபர், சிகிச்சை செய்பவரும் பெறுபவரும் ஒருபோதும் சமநிலையினர் ஆகார் என்றார். உண்மையான சந்திப்பு நிகழும் அக்கணத்தில் இருவரும் சமமே என்று ரோஜர்ஸ் உறுதியாக நின்றார். மனிதனுள் உறையும் தீமையை இவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று நண்பர் ரோலோ மே 1982ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே எழுதினார்.

இம்மறுப்புகளில் உண்மை உண்டு. கடும் மனநோய்க்கு மருந்தும் வேறு சிகிச்சைகளும் வேண்டும். செவிசாய்த்தல் மட்டும் போதாது என்பதை விஸ்கான்சின் ஆய்வே காட்டிற்று. ஆயினும் பின்னர் வந்த ஆய்வுகள் பல, எம்முறையைப் பின்பற்றினும், சிகிச்சை செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே அமையும் உறவின் தன்மை பயனோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியுள்ளன. போதுமானவை என்று அவர் கூறியது விவாதத்திற்குரியது. தேவையானவை என்று கூறியது பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது.

நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தேர்வில் தோற்ற மாணவனுக்கும், புகுந்த வீட்டில் கண்ணீர் வடிக்கும் பெண்ணுக்கும், வேலையிழந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் தந்தைக்கும் கூறுவதற்கு நம்மிடம் எப்போதும் சொற்கள் உண்டு. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க நமக்குப் பொறுமை உண்டா என்பதே வினா. ராச்செஸ்டரில் அத்தாய் வாயில்வரை சென்று திரும்பினார். திரும்பாமலே சென்றுவிட்டவர் எத்தனை பேர் என்பதை எந்த வரலாறும் கணக்கிடவில்லை. பத்தாண்டுகளாகப் பிறர் கவிதையையும் கருத்தையும் கூடியமர்ந்து கேட்டுவரும் இலக்கிய வட்டத்து அன்பர்களுக்குச் செவியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச்செவியை, மேடையேறாத துயரங்களுக்கும் சற்றே சாய்க்கக் கற்றுத்தருவது கார்ல் ரோஜர்ஸின் வாழ்வு.